கெட்ட படத்துக்கு நற்சான்று கொடுத்த கதை

கோணேசர் கோயில் திருவிழாவில் எடுத்த படம் ஒன்று. திறந்தால் மேல்பாதியில் கோபுரம் பளிச்சென்று இருக்கிறது, கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல். கோப்பின் அளவு மாறவில்லை, திகதியும் மாறவில்லை. சரி, இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கில் நல்ல கொப்பி இருக்குமே என்று பார்த்தேன். அங்கேயும் அதே சாம்பல்.

இத்தனைக்கும் நான் செக்சம், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற ஒரு குறியீடு, எடுத்துப் பட்டியலாக வைக்கிற ஆள். கோப்பில் ஒரேயொரு பிட் (0 அல்லது 1) புரண்டாலும், ஷா-256 என்ற செக்சம் முறை தரும் 64 எழுத்துத் தொடர் அடையாளம் தெரியாமல் மாறிவிடும். அப்படியிருந்தும் என் பட்டியல் 'எல்லாம் சரி' என்றது. பிழை என்னுடையதுதான்.

ஒவ்வொரு ஞாயிறும் சிங்க் செய்வதற்கு (இரண்டாவது டிஸ்க்கை முதலாவதைப்போல் ஆக்குவதற்கு) முன், எல்லாப் படங்களுக்கும் செக்சத்தைப் புதிதாகக் கணக்கிட்டுப் பழைய பட்டியலின் மேலேயே எழுதிக்கொண்டிருந்தேன். படம் கெட்ட வாரம், கெட்ட படத்தின் செக்சம் பட்டியலில் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை தரம் ஒப்பிட்டாலும் பொருந்தத்தானே செய்யும்? மெமரி கார்டிலிருந்து படத்தை இறக்கி, கண்ணால் பார்த்த கையோடு செக்சத்தை ஒரு தரம் எடுக்க வேண்டும். அதன்பின் பழைய வரிகளைத் தொடக்கூடாது. புதிய கோப்புகளுக்கு மட்டும் வரி சேர்க்கலாம். முதலில் ஒப்பிட வேண்டும், அப்புறம்தான் சிங்க்.

அடுத்த பிழை, சிங்க் செய்யும் ஆர்சிங்க் என்ற மென்பொருளின் செக்சம் ஆப்ஷனைக் காவல்காரன் என்று நம்பியது. சும்மா ஓடவிட்டால் ஆர்சிங்க் அளவையும் திருத்திய நேரத்தையும் மட்டும் பார்க்கும். இரண்டும் மாறாத என் படத்தைத் தொடாமலே போயிருக்கும். நானோ கெட்டிக்காரத்தனமாக அந்த ஆப்ஷனைப் போட்டேன். அது இரண்டு பக்கத்தையும் வாசித்து, வித்தியாசம் கண்டு, மூலத்தை அப்படியே மறுபக்கத்தில் எழுதியது. போன மாதம் கோப்பு எப்படி இருந்தது என்ற ஞாபகம் அதற்குக் கிடையாது. எது நல்லது, எது கெட்டது என்று அதற்கெப்படித் தெரியும்?

செக்சம் மாறினாலே கோப்பு கெட்டுவிட்டது என்று பதறுவதும் தவறு. சில மென்பொருள்கள் நாம் படத்துக்குப் போடும் நட்சத்திர மதிப்பீட்டைக்கூடப் படத்துக்குள்ளேயே எழுதும். அதனால் பட்டியலில் அளவையும் திருத்திய நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். நேரமும் மாறியிருந்தால் பெரும்பாலும் யாரோ திருத்தியது. நேரம் அப்படியே இருக்க உள்ளடக்கம் மட்டும் மாறியிருந்தால் சிங்க்கை உடனே நிறுத்துங்கள்.

கொப்பி முடிந்தவுடனே சரிபார்ப்பதிலும் ஒரு ஏமாற்று உண்டு. கணினி பல நேரம் டிஸ்க்கைத் தொடாமல், ரேமில் மிச்சமிருப்பதை வாசித்துப் பதில் சொல்லிவிடும். டிஸ்க்கை முறையாகக் கழற்றி, திரும்பச் செருகி, அதன்பிறகு பாருங்கள். நடுவில் கரண்ட் போயிருந்தால் கட்டாயம்.

செக்சம் எடுக்க எம்டி5 என்ற பழைய முறையா ஷா-256-ஆ என்ற சண்டை இதில் பெரிதல்ல. தானாகக் கெடுவதைப் பிடிக்க எம்டி5 போதும். வேண்டுமென்றே ஏமாற்றுபவனைத்தான் அது தடுக்காது. புதிதாகத் தொடங்குவோர் ஷா-256 எடுங்கள்.

செக்சம் பழுதைக் காட்டும், திருத்தாது. திருத்த எங்கேயாவது நல்ல கொப்பி வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்த திருகோணமலைக்காரன் எல்லாவற்றையும் கடலோர வீட்டிலேயே வைத்திருக்க மாட்டான். கடலிலிருந்து தள்ளியிருக்கும் கந்தளாயில் அக்கா வீட்டு அலுமாரியில் ஒரு டிஸ்க் கிடந்தது, பல மாதமாகச் சிங்க் செய்யாமல். சோம்பலால் விட்டதுதான். கோபுரத்தின் கீழ்ப்பாதி அதிலிருந்துதான் வந்தது.