என்டர் தட்டுவதற்கு முன்: தொலைவிலிருக்கும் கிளஸ்டரை நிர்வகிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்தபடி, சிங்கப்பூரில் ஓடும் குபெர்னெட்டிஸ் கிளஸ்டரை (செயலிகளைச் சேர்ந்து ஓட்டும் சர்வர்களின் கூட்டத்தை) மடிக்கணினியிலேயே நிர்வகிக்கலாம். வசதிதான். ஆனால் டெர்மினலில் எல்லாக் கிளஸ்டரும் ஒரே மாதிரிதான் தெரியும்.

முன்பு வேலை பார்த்த இடத்தில் எனக்கு நடந்தது இது. சோதனைக் கிளஸ்டரில் ஒரு நேம்ஸ்பேஸை, அதாவது கிளஸ்டருக்குள் தனிப் பெயரிட்ட ஒரு பகுதியை, சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. கிளஸ்டருக்குக் கட்டளையிடும் கருவியான கியூப்சிடிஎல்லில் டிலீட் கொடுத்தேன். 'டிலீட்டட்' என்று ஒரு வரி வந்தது. கர்சர் அதற்குக் கீழே துடித்துக்கொண்டிருந்தது. அழிந்துகொண்டிருந்தது வாடிக்கையாளர்களின் கிளஸ்டரில் அதே பெயரில் இருந்த நேம்ஸ்பேஸ். உள்ளே செயலிகளை ஓட்ட வைத்திருந்த டிப்ளாய்மென்ட், சர்வீஸ், சீக்ரெட் எல்லாம் அதோடு போயின. 'உறுதியா?' என்று அந்தக் கட்டளை தானாகக் கேட்பதில்லை. திரும்பப் பெறவும் வழியில்லை.

எப்படி நடந்தது? காலையில் வேறொரு ஜன்னலில் லாக் பார்க்கக் கான்டெக்ஸ்டை, அதாவது கட்டளை எந்தக் கிளஸ்டருக்குப் போகும் என்ற தெரிவை, மாற்றியிருந்தேன். அந்த மாற்றம் ஜன்னலில் இருப்பதில்லை, கிளஸ்டர்களின் முகவரியும் நுழைவு விவரமும் இருக்கும் கியூப்கான்ஃபிக் கோப்பில் எழுதப்படுகிறது. ஒரு ஜன்னலில் மாற்றினால், அதே கோப்பைப் படிக்கும் எல்லா ஜன்னலும் மாறிவிடும். இது தெரியாமல் பல வருடம் வேலை செய்பவர்களைப் பார்க்கிறேன்.

அதனால் கிளஸ்டருக்கு ஒரு கோப்பு என்று பிரித்து வையுங்கள். ஜன்னலுக்கு ஜன்னல் கியூப்கான்ஃபிக் என்ற சூழல் மாறியில் அந்தக் கோப்பைக் காட்டுங்கள். கான்டெக்ஸ்ட் பெயர் பிராம்ப்ட்டிலேயே தெரியட்டும். வாடிக்கையாளர் கிளஸ்டருக்குச் சிவப்பு நிறம் கொடுங்கள். ஸ்கிரிப்ட்டில் கான்டெக்ஸ்டை வெளிப்படையாக எழுதிவிடுங்கள். மாற்றத்தைச் செயல்படுத்தும் அப்ளை கட்டளையைக் கொடுப்பதற்கு முன் டிஃப் ஓட்டினால் எது மாறப்போகிறது என்று தெரிந்துவிடும்.

அப்புறம், அந்தக் கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அது சாவி. உள்ளே நீங்கள் யார் என்று காட்டும் கிளையன்ட் சான்றிதழ் இருந்தால், அந்த ஒன்றை மட்டும் ரத்து செய்யக் குபெர்னெட்டிஸில் வசதி இல்லை. கிளஸ்டரை அமைக்கும் கருவியான கியூபேட்மின் தரும் சான்றிதழ் வழக்கமாக 1 வருடம் செல்லும். அட்மின் சான்றிதழ் வெளியே போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். குழுவில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, தேவையான அளவுக்கு மட்டும் அனுமதி.

கியூப்சிடிஎல் பதிப்பு, சர்வர் பதிப்பிலிருந்து ஒரு படிக்கு மேல் விலகக்கூடாது. சர்வர் 1.30 என்றால் 1.29 முதல் 1.31 வரை சரி.

சர்வரின் சான்றிதழில் பிழை வந்தால், அது உண்மையான சர்வர்தானா என்று பார்க்கும் டிஎல்எஸ் சரிபார்ப்பைத் தவிர்க்கும் தெரிவைப் போட்டுவிட்டுச் சிலர் வேலையைத் தொடர்கிறார்கள். கடையின் பொது வைஃபையில் அப்படிச் செய்தால், இடையில் இருப்பவர் சர்வராக நடித்து, நீங்கள் உள்ளே நுழையப் பயன்படுத்தும் டோக்கனை வாங்கிக்கொள்ள முடியும். பெரும்பாலும் காரணம் எளிது: நீங்கள் போட்ட முகவரி சர்வரின் சான்றிதழில் இல்லை. அதைச் சேர்த்துப் புதுச் சான்றிதழ் எடுத்தால் பிழை போய்விடும்.