சப்பாத்துப் பெட்டிச் சேகரிப்பு

மனம் குழம்பியிருக்கும் பிள்ளையிடம் "உன் கவலையை வரை" என்றால் கொப்பியை மூடிவிடும். வெறும் சப்பாத்துப் பெட்டி ஒன்றைக் கொடுத்து, ஒரு கிழமைக்குப் பிடித்ததைச் சேர்க்கச் சொல்லுங்கள். கசூரினா கடற்கரைச் சிப்பி, சவுக்குக் காய், பனங்கொட்டை, பஸ் ரிக்கற், எதுவும் சரி. குன்றிமணி மட்டும் வேண்டாம், அந்த விதை நஞ்சு. தெரியாத இரும்புத் துண்டைக் கண்டால் தொடாமல் வந்து சொல்லவேண்டும். போர் நடந்த எங்கள் மண்ணில் அது வெடிக்காத குண்டாக இருக்கலாம், இதைச் சொல்லாமல் அனுப்ப முடியாது.

பிறகு தரம் பிரித்து அட்டையில் அடுக்கட்டும். ஒரு பெடியன் சிப்பிகளைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கிவிட்டு, ஒன்றை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஏன் என்று கேட்கவில்லை. கம் பூச அவசரப்படாதீர்கள். ஒட்டாவிட்டால் நாளைக்கும் மாற்றி அடுக்கலாம்.