முதல் சொந்த நிரலை எழுதி முடிப்பது எப்படி? மொரிசியசில் மென்பொருள் துறைக்கு வருவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

மொரிசியசின் தகவல் தொழில்நுட்ப மையமான எபேன் சைபர் நகரத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கும் பெரும்பாலோரிடம் பட்டம் இருக்கும். நேர்காணலில் ஒருவரைத் தனித்துக் காட்டுவது, அவர் தாமே எழுதி, முடித்து, பிறர் கையில் கொடுத்த ஒரு சிறு நிரல்தான் என்பது என் உறுதியான கருத்து. பாதியில் நிற்கும் பத்துத் திட்டங்களை விட முடிந்த ஒன்று மேல்.

முதலில், யாருக்காக எழுதுகிறோம் என்று முடிவு செய்யுங்கள். கோவிலை ஒட்டி நடக்கும் மாலைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளுக்கான சொற்பயிற்சிப் பக்கத்தை இங்கே எடுத்துக்கொள்வோம். வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளைக்குத் திரையில் ‘லகாஸ்’ என்ற கிரியோல் சொல்லைக் காட்ட வேண்டும். பிள்ளை ‘வீடு’ என்று தட்டச்சு செய்தால் சரி என்று சொல்ல வேண்டும். இதற்கு மேல் எதையும் முதல் பதிப்பில் சேர்க்காதீர்கள்.

அடுத்து, ஓர் உரைத் தொகுப்பானும் உலாவியும் போதும், மொழி ஜாவாஸ்கிரிப்ட். பத்துச் சொற்களை ஒரு பட்டியலாக எழுதி, ஒன்றைக் காட்டி, விடையை வாங்கி ஒப்பிடும் அளவுக்கு மட்டும் நிரலை எழுதுங்கள். முதல் வரியை எழுதும் முன்பே நிரலை வைக்கும் கோப்புறையில், மாற்றங்களின் வரலாற்றைப் பதிவு செய்யும் ‘கிட்’ கருவியின் ‘கிட் இனிட்’ கட்டளையைக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு சிறு மாற்றத்தையும் தனித்தனி கமிட்டாக, அதாவது குறிப்போடு கூடிய பதிவாகச் சேமித்து, ‘திருத்தம்’ என்று மொட்டையாக எழுதாமல் ‘விடையின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளியை நீக்கினேன்’ என்பதுபோல் குறிப்பு எழுதுங்கள். உங்கள் நிரலைப் படிக்க வருபவர் இந்த வரலாற்றையும் படிப்பார்.

இனி வருவதுதான் நிதானமாகச் செய்ய வேண்டிய படி. உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி, கட்டளைகளைத் தட்டிப் பார்க்கும் கன்சோல் பகுதியில் ‘கோவில்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினியோ 6 என்று சொல்லும். க, ஓகாரக் குறி, வ, இகரக் குறி, ல, புள்ளி என்று எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகப் பொது முறையான யூனிகோடில் ஒவ்வொன்றும் தனிக் குறியீடாக இருப்பதே காரணம். இதோடு முடியவில்லை. அதே ஓகாரக் குறியை இரட்டைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுத யூனிகோடு இடம் தருகிறது. அப்போது நீளம் 7 ஆகிவிடும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் நேரடியாக ஒப்பிட்டால் ‘வேறு’ என்று விடை வரும். சரியாக எழுதிய பிள்ளைக்குத் தவறு என்று காட்டும் நிரலை எந்த ஆசிரியரும் மறுநாள் திறக்கமாட்டார்.

தீர்வு எளிது. பட்டியலில் உள்ள சொல், பிள்ளை தட்டிய விடை ஆகிய இரண்டையுமே ‘நார்மலைஸ்’ செயற்கூற்றின் வழியே பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். கைபேசி விசைப்பலகை சொல்லின் முடிவில் தானாகச் சேர்க்கும் இடைவெளியை ‘ட்ரிம்’ செயற்கூறு நீக்கிவிடும். ‘மூன்று எழுத்துச் சொல்’ என்று குறிப்புக் காட்ட விரும்பினால், ஜாவாஸ்கிரிப்டின் ‘இன்டல் செக்மென்டர்’ கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாகப் பிரித்துத் தரும், எண்ணினால் போதும். இந்த ஒரு சிக்கலைக் காரணத்தோடு விளக்கத் தெரிந்தால், நேர்காணலில் பேசுவதற்கு உங்களிடம் உண்மையான பொருள் இருக்கிறது.

வேலை செய்யும் பக்கத்தை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் ‘பேஜஸ்’ சேவையில் ஏற்றுங்கள். எவரும் பார்க்கக்கூடிய நிரல் தொகுப்பான பொதுக் களஞ்சியத்துக்கு அது இலவசம், தனி சர்வரும் தேவையில்லை. பிள்ளைகளின் பெயர், மின்னஞ்சல் எதையும் கேட்காதீர்கள். மதிப்பெண்ணை அவரவர் உலாவியிலேயே சேமித்துவிட்டால், மொரிசியசின் 2017ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தொடர்பான சிக்கல்கள் பெரும்பாலும் எழாது. பிறகு ஆசிரியரின் அனுமதியோடு வகுப்பில் உட்கார்ந்து, வாய் திறக்காமல் பாருங்கள். விசைப்பலகை மேலெழுந்து பொத்தானை மறைப்பது போன்ற குறைகள் அங்கேதான் தெரியவரும்.

நிரலோடு வைக்கும் விளக்கக் கோப்பை ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதுங்கள். இங்குள்ள அலுவலகங்களில் அவையே புழங்குகின்றன. எதைச் செய்கிறது, எப்படி இயக்குவது, எது இன்னும் குறை என்பவை அதில் இருந்தால் போதும்.

கடைசிப் படி, பிறர் எழுதி, எவரும் படிக்கவும் மாற்றவும் விட்டிருக்கும் திறந்த மூல நிரலுக்குப் பங்களிப்பது. இந்தத் தீவிலிருந்து செய்யும் பொதுப் பங்களிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சான்று உண்டு: தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்எச் முறையில், ரகசியச் சாவியை உருவாக்கப் பயன்படும் டிஃபி-ஹெல்மன் எண்ணின் குறைந்தபட்ச அளவை 1024 பிட்டிலிருந்து 2048 பிட்டாக உயர்த்தப் பரிந்துரைத்து, 2017 டிசம்பரில் வெளிவந்த ஆர்எஃப்சி 8270 என்ற இணையத் தர ஆவணத்தின் ஆசிரியர் இருவரில் ஒருவர் மொரிசியசைச் சேர்ந்த லோகநாதன் வெல்விந்திரன். நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு கருவியிலிருந்தே தொடங்குங்கள். புதியவர்களுக்கு ஏற்றது என்ற பொருளில் ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ என்று குறியிட்ட ஒரு சிக்கலைத் தேர்ந்து, அந்தத் திட்டத்தின் பங்களிப்பு விதிகளை முழுவதும் படித்து, மூல நிரலைத் தொடாத தனிக் கிளையில் மாற்றத்தைச் செய்து, அதைச் சேர்க்கக் கோரும் புல் ரிக்வெஸ்ட் அனுப்புங்கள். பராமரிப்பாளர் திருத்தம் கேட்டால், அதே கிளையில் திருத்தி மீண்டும் அனுப்புங்கள்.