கற்பனை ஜூ வரைபவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

அக்கா மகள் எட்டாம் வகுப்பு முடித்த விடுமுறையில் சார்ட் பேப்பரை விரித்து ஒரு ஜூ வரைந்தாள். 40 ஏக்கர் நிலம், 64 வகை விலங்குகள், ஒரே ஒரு கேட். நுழைந்ததும் இடப்பக்கம் பனிக்கரடி, வலப்பக்கம் ஒட்டகச்சிவிங்கி, நேர் எதிரே பாண்டா. புலிக்குத் தனியாக ஒரு தீவு. "எப்படி இருக்கு மாமா?" என்றாள். "புலி ராத்திரி எங்கே படுக்கும்?" என்று கேட்டேன். தீவின் நடுவில் வரைந்திருந்த ஆலமரத்தைக் காட்டினாள்.

எனக்கும் இதே பைத்தியம் உண்டு. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் தொடங்கியது. 2001-இல் ஜூ டைகூன் என்ற கணினி விளையாட்டு வந்தபோது முற்றியது. 2019-இல் பிளானட் ஜூ வந்த பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. ஆகவே இங்கே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை நானே செய்தவை. கற்பனை ஜூவில் பணம் கற்பனையாக இருக்கலாம், அரசு அனுமதியும் கற்பனையாக இருக்கலாம். வெயிலும் பசியும் பயமும் மட்டும் நிஜமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டே நாளில் சலித்துவிடும்.

முதலில் பட்டியல் போடுவது

எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறோம். பிடித்த விலங்குகளை வரிசையாக எழுதிவிட்டு, நிலத்தைக் கேக் வெட்டுவதுபோல் வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுப்போம். கிடைப்பது ஸ்டாம்ப் ஆல்பம்தான். நிஜ ஜூக்களும் ஒரு காலத்தில் அப்படியே இருந்தன. சென்னை ஜூ 1855-இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கி, பிறகு சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய் நெடுங்காலம் அங்கேயே இருந்தது. பழைய மெட்ராஸ்காரர்கள் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் ஜூவை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வார்கள். கேலி என்றாலும் சரியான கேலி. இரண்டிலும் வரிசையாக அடுக்கி வைத்துப் பெயர்ப்பலகை மாட்டியிருக்கும்; ஒன்றில் உள்ளே இருப்பது மூச்சு விடும், அவ்வளவுதான். 1985-இல் வண்டலூருக்கு மாறியபோதுதான் காட்டோடு சேர்ந்த இடமும், கம்பிக்குப் பதில் அகழியும் கிடைத்தன.

பட்டியலை ஓரம் வைத்துவிட்டு, நிலம் எங்கே என்று முடிவு செய்யுங்கள். கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், மே மாதம் எப்படி இருக்கும், தண்ணீர் எங்கிருந்து வரும் என்று எழுதினாலே பாதிப் பட்டியல் தானாக அடிபடும். டார்ஜிலிங்கில் 1958-இல் தொடங்கிய ஜூ ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. பனிச்சிறுத்தையும் சிவப்புப் பாண்டாவும் அங்கே ஏசி கேட்பதில்லை. அங்கே பிறந்த சிவப்புப் பாண்டாக்களை 2003-இல் சிங்கலீலா காட்டில் கொண்டுபோய் விடவும் முடிந்தது. அமெரிக்காவில் டூசான் நகருக்கு அருகே 1952 முதல் நடக்கும் அரிசோனா-சொனோரா பாலைவன அருங்காட்சியகம், சுற்றியுள்ள பாலைவனத்தின் உயிர்களை வைத்தே பெயர் வாங்கியது. ஆப்பிரிக்க யானை இல்லையே என்று யாரும் குறைப்படுவதாகத் தெரியவில்லை.

நேர்மாறான கதை சிங்கப்பூரில் நடந்தது. இனுக்கா என்ற பனிக்கரடி 1990-இல் அங்கேதான் பிறந்தது. வெப்பமண்டலத்தில் பிறந்த முதல் பனிக்கரடி. 2004-இல் அதன் ரோமம் பச்சையாகிவிட்டது. பனிக்கரடியின் முடி உள்ளே குழல்போல் வெற்றாக இருக்கும். அந்தச் சூட்டிலும் ஈரத்திலும் குழலுக்குள் பாசி பிடித்துவிட்டது. இனிமேல் பனிக்கரடி வாங்குவதில்லை என்று 2006-இல் அந்த ஜூவே முடிவெடுத்தது. இனுக்கா 2018-இல், 27 வயதில் இறந்தது. குளிர்சாதன அறை கட்டினால் தீராதா என்று கேட்கலாம். பரந்து திரியும் ஊனுண்ணிகள்தான் அடைப்பில் அதிகம் அல்லல்படுகின்றன என்று 2003-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு காட்டியது. பனிக்கரடிக்கு ஜூ வழக்கமாகத் தரும் இடம், காட்டில் அது சுற்றும் பரப்பில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதானாம்.

'சரி, நம்ம ஊர் விலங்கையே வைக்கிறேன்' என்பதிலும் ஒரு குழி இருக்கிறது. வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்குதான். ஆனால் அது உயர்மலைப் புல்வெளியில், பாறைச் சரிவில் வாழ்வது. செங்கல்பட்டு வெயிலில் அதை நிறுத்தினால் அதற்கு அது வேற்றுநாடு.

இரவை மறப்பது

அக்கா மகள் செய்த தவறு இது. நான் பத்து வருடம் செய்த தவறும் இதுதான். கணினி விளையாட்டுகளும் இதில் நம்மைக் கெடுத்துவிட்டன. பார்வையாளர் காணும் புல்வெளியோடு அவற்றுக்கு வேலை முடிந்துவிடுகிறது. நிஜ ஜூவின் மூளை அதன் முதுகுப்பக்கத்தில் இருக்கிறது.

இந்தியாவில் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் 1992-இல் வந்தது. அதன் விதிப்படி ஒரு ஜோடிப் புலிக்கு வெளியில் குறைந்தது 1,000 சதுர மீட்டர் வேண்டும். இரவில் அடைக்க ஒவ்வொன்றுக்கும் 2.75 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரத்தில் தனி அறை. இந்த அறையை வரைபடத்தில் வைத்தவுடன் அடுத்தடுத்த கேள்விகள் வரும்.

மாலை ஐந்து மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்பாளர் காலி அறையில் இறைச்சியை வைத்துவிட்டு வெளியே வருகிறார். தன் பக்கத்துக் கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார். பிறகுதான், நடைவழியில் நின்றபடியே கம்பியை இழுத்து, புல்வெளிப் பக்கத்துக் கதவைத் தூக்குகிறார். புலி பழக்கத்தில் வருகிறது. கதவு இறங்குகிறது. தலையை எண்ணுகிறார்: இரண்டு. மறுநாள் காலை புல்வெளிக்குள் ஆள் இறங்கிக் கூட்டிப் பெருக்கி, குளத்து நீரை மாற்றி, வேலி சாய்ந்திருக்கிறதா என்று பார்த்து வெளியேறிய பிறகே கதவு திரும்ப எழும்.

இந்தக் காட்சியை உங்கள் வரைபடத்தில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு புலிக்கு இரண்டே அறை என்றால், ஒன்றுக்கு உடம்பு சரியில்லாமல் நாள் முழுக்க உள்ளேயே இருந்தால் அந்த அறையை எப்போது கழுவுவது? மூன்றாவது அறை வேண்டும். ஊசி போட, பக்கச் சுவரை நகர்த்தி விலங்கை அசையாமல் நிறுத்தும் ஸ்க்வீஸ் கூண்டு வேண்டும். குட்டி ஈன இருட்டான, சத்தமில்லாத ஓர் அறை வேண்டும். புதிதாக வரும் விலங்கை மற்றவற்றோடு சேர்க்காமல் வைக்க, தள்ளி ஒரு குவாரன்டைன் கொட்டில் வேண்டும். தீவன லாரி பார்வையாளர் நடக்கும் பாதையில் வரக்கூடாது என்பதால் பின்னால் தனிச் சாலை. இவ்வளவும் வரைந்து முடித்தபோது அவளுடைய 64 விலங்கு 31 ஆகியிருந்தது.

வாரத்தில் ஒருநாள் விடுமுறையும் விடுங்கள். வண்டலூரில் செவ்வாய்க்கிழமை.

அளக்காமல் நம்புவது

2007 கிறிஸ்துமஸ் அன்று சான் பிரான்சிஸ்கோ ஜூவில் ஒரு பெண்புலி அகழியைத் தாண்டி வெளியே வந்தது. 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான், இன்னும் இருவர் காயப்பட்டார்கள், புலியைக் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். அகழிச் சுவர் 18 அடி என்றுதான் ஜூ தரப்பில் முதலில் சொன்னார்கள். அளந்து பார்த்தால் பன்னிரண்டரை அடி. அமெரிக்க ஜூக்களின் சங்கம் பரிந்துரைத்திருந்தது 16 அடிக்கு மேல். அந்த அடைப்பிடம் 1940-இல் கட்டியது. அத்தனை வருடமும் புலி தாண்டவில்லை, ஆகவே சுவர் போதும் என்று எண்ணியிருந்தார்கள்.

கற்பனை வரைபடத்திலும் சுவருக்கு ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். உயரம் எழுதுங்கள். சிறுத்தை என்றால் மேலே கூரையே வேண்டும், அது ஏறும். சுவரோரம் மரம் வரைந்திருந்தால் அது பத்து வருடத்தில் எவ்வளவு சாயும் என்று யோசியுங்கள். பறவைக்கூடத்துக்கு இரட்டைக் கதவு. ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்க வேண்டும். வேலி விலங்குக்கு மட்டுமல்ல, மனிதனுக்கும்தான். தடுப்பில் ஏறி உள்ளே விழுந்தவர்களின் கதைகள் டெல்லியிலும் உண்டு, சின்சினாட்டியிலும் உண்டு.

மனிதன் கண்ணுக்காகக் கட்டுவது

லண்டன் ஜூவின் பென்குயின் குளத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 1934-இல் லுபெட்கின் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. நீள்வட்டக் குளம், நடுவில் தூணே இல்லாமல் ஒன்றையொன்று சுற்றி இறங்கும் இரண்டு வெள்ளைக் கான்கிரீட் சரிவுகள். அழகுதான், மறுக்கவில்லை. பிரிட்டனில் மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம் அது. ஆனால் பின்னாளில் அங்கே வைத்த ஹம்போல்ட் பென்குயின்கள் வளை தோண்டி முட்டையிடுபவை. கான்கிரீட்டில் எங்கே தோண்டுவது? அந்தத் தரையில் நடந்து நடந்து பாதத்தில் புண் வேறு. 2004-இல் தற்காலிகம் என்று வேறு குளத்துக்கு மாற்றினார்கள். அங்கே அவை நன்றாக இருக்கவே, திருப்பி அனுப்பவில்லை. இன்று அந்தக் கட்டடத்தில் பென்குயின் கிடையாது.

நாம் செய்யும் சின்ன அளவுத் தவறு, அடைப்பிடத்தைச் சுற்றி நாலாபக்கமும் நடைபாதை போடுவது. ஆள் எவ்வளவு கிட்டே வந்தால் விலங்கு விலகி ஓடும் என்ற தூரத்தைப் பற்றிச் சுவிட்சர்லாந்தின் ஹெடிகர் நிறைய எழுதியிருக்கிறார். பாசல், சூரிச் ஜூக்களை நடத்தியவர். நாலு பக்கமும் ஆள் நின்றால் விலகி ஓட இடமேது? ஒரு பக்கம் மட்டும் பார்வைமேடை வையுங்கள். 'புலியே காணோம்' என்று கூட்டம் புலம்பாமல் இருக்க ஒரு தந்திரம் உண்டு. நம் ஊரில் பதினோரு மணிக்கு மேல் எந்த விலங்கும் நிழல் தேடும். அந்த நிழலையும் தண்ணீரையும் கண்ணாடிக்கு அருகே வைத்துவிட்டால் அதுவே விரும்பி வந்து படுக்கும். பார்ப்பவர் நிற்கும் இடத்துக்கும் கூரை போடுங்கள். வெளிச்சத்தில் நின்றால் கண்ணாடியில் அவரவர் முகம்தான் தெரியும்.

'சிங்கம் 2' என்று எழுதுவது

ஜூக்காரர்கள் 1.2 என்று எழுதுவார்கள்: ஒரு ஆண், இரண்டு பெண். இன்னொரு புள்ளி வைத்து மூன்றாம் எண் வந்தால் அது ஆணா பெண்ணா என்று தெரியாதவை. இப்படி எழுதிப் பழகினால் பட்டியல் உங்களிடம் கேள்வி கேட்கும். மானில் 1.6 வைத்தால் பிறப்பதில் பாதி ஆண்; அந்த ஆண்கள் மூன்று வருடம் கழித்து எங்கே போகும்? மைசூரு ஜூவில் போலோ என்ற கொரில்லா 1995-இல் டப்ளினிலிருந்து வந்து, 2014-இல் இறக்கும்வரை துணையில்லாமல் நெடுங்காலம் தனியே இருந்தது. கூட்டமாக வாழும் குரங்கினத்தில் 1.0 என்று எழுதக்கூடாது. 2021-இல் அங்கே வந்தது இரண்டு சகோதரர்கள், 2.0.

வெள்ளைப்புலியை எல்லோரும் வைக்க விரும்புகிறார்கள். அது தனி இனமல்ல, நிறம் மாறிய புலி. இன்று அடைப்பில் உள்ளவற்றில் பெரும்பாலானவை 1951-இல் ரீவாவில் பிடித்த மோகன் என்ற ஒரே புலியின் வம்சம். வெள்ளை மங்காமலிருக்கத் தகப்பனையும் மகளையும் இணை சேர்த்த வம்சம் அது. வெள்ளைப்புலிகளிடம் மாறுகண் சகஜம். அதைவிட மோசமான குளறுபடி சண்டிகர் அருகே சட்பீர் ஜூவில் நடந்தது. கிர் சிங்கத்தோடு சர்க்கஸிலிருந்து வந்த ஆப்பிரிக்கச் சிங்கங்களைக் கலந்துவிட்டு, பிறந்தவை நோயெதிர்ப்பு இல்லாமல் தவிக்க, 2000 வாக்கில் இனப்பெருக்கத்தையே நிறுத்தவேண்டியதாயிற்று.

மற்ற சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீவனம் இல்லாத விலங்கு வேண்டாம். கோலாவுக்கு யூகலிப்டஸ் தோப்பு, எறும்புத்தின்னியான அலங்குக்கு எறும்பும் கரையானும். பாண்டா சீனாவிலிருந்து கடனாக வருவது. 2018-இல் வாங்கிய ஃபின்லாந்து ஜூ ஒன்று செலவு தாங்காமல் 2024-இல் திருப்பி அனுப்பியது, ஒப்பந்தம் 15 வருடத்துக்கு இருந்தும். யானையை ஜூவில் காட்சிக்கு வைக்க வேண்டாம் என்று நம் ஆணையம் 2009-இல் சொல்லிவிட்டது. கலந்து வைப்பது அழகாக இருக்கும், ஆனால் யாரோடு யார் என்று பார்க்க வேண்டும். ஆப்பிரிக்காவின் வில்டபீஸ்ட் என்ற பெரிய மான்வகை சுமக்கும் ஒரு ஹெர்பிஸ் வைரஸ் அதற்கு ஒன்றும் செய்யாது, பக்கத்தில் நிற்கும் காட்டுமாட்டைக் கொன்றுவிடும்.

கடைசியில் அவள் பட்டியல் 19-இல் வந்து நின்றது. பனிக்கரடி போன இடத்தில் தேவாங்கு. அது இரவில் விழிப்பது என்பதால் பகலை இரவாக்க வேண்டும் என்று சொன்னேன்: பார்வை நேரத்தில் மங்கலான நிலா வெளிச்சம், ராத்திரி முழுக்கப் பளிச்சென்று விளக்கு, சில நாட்களில் அது நம் கடிகாரத்துக்கு மாறிக்கொள்ளும். "ராத்திரி கரண்ட் போனா அதுக்கு மறுபடி ராத்திரி ஆயிடுமே?" என்றாள். ஜெனரேட்டர் ஷெட் ஒன்றை சோலைமந்திகளின் கூண்டுக்குப் பக்கத்தில் வரைந்தாள். சத்தம் வருமே என்று அவளே அழித்து, கேண்டீனுக்குப் பின்னால் வைத்தாள்.