எழுத்துப்பிழையை எண்ணாதீர்கள், இனம் பிரியுங்கள்

சொல்வதெழுதலில் இருபதுக்கு எட்டு என்று மதிப்பெண் போட்டுவிட்டு, தவறிய சொல் ஒவ்வொன்றையும் பத்து முறை எழுதச் சொல்வது பழைய வழக்கம். அதில் பலன் குறைவு. மூன்றாவது வரிக்குப் பிறகு பிள்ளை சொல்லை நினைப்பதே இல்லை. மேல்வரியைப் பார்த்துக் கை தானாக ஓடுகிறது. முதல் எழுத்தை மட்டும் பத்து வரிக்கும் மேலிருந்து கீழாக எழுதிவிட்டு, பிறகு இரண்டாம் எழுத்துக்கு வரும் பிள்ளைகளும் உண்டு. முதல் வரியிலேயே பிழை விழுந்தால் பத்தும் பிழை, அதுவும் ஆழப் பதிந்த பிழை.

அதை விட்டுவிட்டு, பிள்ளையின் நோட்டிலிருந்து அண்மைப் பிழைகள் முப்பதைத் தனித்தாளில் எடுத்து எழுதுங்கள். அவற்றை நான்காகப் பிரியுங்கள்: ல ள ழ, ர ற, ந ன ண போன்ற ஒலி மயக்கம், குறில் நெடில் மாறாட்டம், ஒற்று விடுபடுதல் அல்லது தேவையில்லாமல் சேர்தல், பேசுவதை அப்படியே எழுதுதல். பெரும்பாலும் ஒரு வகையில்தான் பாதிக்கு மேல் குவியும். அடுத்த இரண்டு வாரத்துக்கு அந்த ஒன்றை மட்டும் பாருங்கள். மற்றவற்றைத் திருத்தலாம், திட்ட வேண்டாம்.

முதலில் வாசிப்பு

எழுதுவதில் தடுமாறும் பிள்ளை வாசிப்பிலும் தடுமாறுகிறதா என்று பார்த்துவிடுங்கள். முன்பு படிக்காத பக்கம் ஒன்றைக் கொடுத்து நூறு சொற்கள் வாசிக்கச் சொல்லுங்கள். பத்துக்கு மேல் தடுமாறினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம்; இன்னும் எளியதை எடுங்கள்.

247 எழுத்தும் தெரிந்த பிள்ளை சொல்லை வாசிக்கத் திணறுவதற்கு முக்கியக் காரணம் புள்ளி எழுத்து. "ப, ட், ட, ம்" என்று தனித்தனியே உச்சரித்தால் பட்டம் என்ற சொல் காதில் விழாது. மெய்யெழுத்து எப்போதும் தனக்கு முந்திய எழுத்தோடு ஒட்டி ஒலிக்கும்: பட்-டம், அம்-மா, பார்த்-தான். பாடத்தில் ஒரு பத்தியை எடுத்து, புள்ளி எழுத்து ஒவ்வொன்றையும் அதன் இடப்பக்கத்து எழுத்தோடு பென்சிலால் வளைத்துக் கோடு போடச் சொல்லுங்கள். பிறகு அந்தத் துண்டுகளை வாசிக்கச் சொல்லுங்கள். நாளுக்கு ஐந்து வரி போதும். கோடு இல்லாமலே கண் அப்படிப் பிரிக்கத் தொடங்கியதும் பென்சிலை நிறுத்திவிடலாம்.

அடுத்த தடை கொம்பு. எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலிப்பதோ பின்னால். "கொடி" என்பதைக் "கெ" என்று தொடங்கிவிட்டு, காலை "ர" என்று நினைத்துக் குழம்புவார்கள். கொம்பைக் கண்டால் வலப்பக்கம் கால் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வாயைத் திறக்க வேண்டும் என்று பழக்குங்கள். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு மயக்கம் இன்றைய பிள்ளைகளுக்கு மட்டும் வந்ததல்ல. பழைய ஏடுகளில் குறிலுக்கு இட வேண்டிய புள்ளி விடுபட்டுப்போய், எ எது ஏ எது என்று படிப்பவரே ஊகிக்க வேண்டியிருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் தந்தார். இந்தப் பிழைக்கு மருந்து காதுதான்: தொடு, தோடு; எடு, ஏடு என்று கையைத் தட்டிச் சொல்லிப் பார்ப்பது. குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு.

எந்த ல, எந்த ற?

இதை வெறும் மனப்பாடம் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை. சொல்லின் உறவுக்காரச் சொற்களைக் கேட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

ல் என்பது ற், ன் பக்கம் சாயும். ள் என்பது ட், ண் பக்கம் சாயும். சந்தேகம் வந்தால் இறந்த காலத்தில் சொல்லிப் பாருங்கள். சென்றான், ஆகவே செல். வென்றான், வெல். ஆண்டான், ஆள். கேட்டான், கேள். கொன்றான் என்றால் கொல், கொண்டான் என்றால் கொள். பெயர்ச்சொல்லாக இருந்தால் க, ச, ப-வில் தொடங்கும் சொல் ஒன்றைச் சேருங்கள்: கடற்கரை, பற்பசை, கற்சிலை எல்லாம் ல், நாட்காட்டி, பொருட்காட்சி, முட்செடி எல்லாம் ள். விகுதிகள் மாறுவதே இல்லை: பன்மை "கள்", பெண்பால் "ஆள்" இரண்டும் ள், "ஆல்", "இல்" இரண்டும் ல். இந்த நான்கைச் சரியாகப் பிடித்தாலே ஒரு பக்கத்தில் பல பிழைகள் குறையும்.

இந்தச் சோதனை சொல்லின் நடுவில் கிடக்கும் எழுத்துக்கு உதவாது. உலகம், வெளி, விளக்கு போன்றவற்றைக் கண்ணால்தான் பழக வேண்டும். ழ-வும் அப்படியே. ஆனால் ழ இரட்டிக்காது. பள்ளம், வெள்ளம், நல்ல என்று அழுத்தி ஒலித்தால் அங்கே ழ இருக்க வழியில்லை. மழை, பழம், வழி, கோழி, குழந்தை, எழுத்து, தொழில், கிழமை என அன்றாடம் புழங்கும் ழகரச் சொற்கள் முப்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். உச்சரிப்பும் கூடவே நடக்கட்டும்: ல-வுக்கு நுனிநாக்கு மேற்பல்லின் அடியைத் தொடும், ள-வுக்கு நாக்கு மடிந்து மேலண்ணத்தைத் தொடும், ழ-வுக்கு மடியும், தொடாது.

ற-வுக்கு "இல்" சேர்த்துப் பாருங்கள். ஆற்றில், சோற்றில், வயிற்றில், கிணற்றில் என்று ற்ற வந்தால் ஆறு, சோறு, வயிறு, கிணறு. வினைக்கும் இது பொருந்தும்: மாற்று என்பதால் மாறு, ஏற்று என்பதால் ஏறு. சொல்லின் கடைசியில் ற் நிற்காது, ஆகவே ஊர், நீர், அவர் எல்லாம் ர்.

ந, ன, ண மூன்றுக்கும் பக்கத்து எழுத்தே சான்று. த-வுக்கு முன் ந், ட-வுக்கு முன் ண், ற-வுக்கு முன் ன்: வந்தான், கண்டான், நின்றான். "கன்டேன்" என்று எழுதவே முடியாது என்பது பிள்ளைக்குப் புரிந்துவிட்டால் அந்தப் பிழை திரும்பாது. தனி ந பெரும்பாலும் சொல்லின் முதலில்தான் வரும். வெந்நீர், அந்நியர் போன்றவை விலக்கு.

இன்னொன்று, பெரியவர்களும் தவறுவது: ட், ற் இரண்டுக்கும் பிறகு இன்னொரு ஒற்று வராது. முயற்சி, பயிற்சி, கட்சி, வெட்கம் என்பவையே சரி. "முயற்ச்சி" தவறு. ர், ழ் வந்தால் கதை வேறு. வளர்ச்சி, மகிழ்ச்சி இரண்டிலும் ச் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: கரை, கறை, அரை, அறை என்று இணைகளை ஒரே நாளில் கற்பிக்காதீர்கள். புத்தகங்கள் அப்படித்தான் பட்டியல் போடுகின்றன. ஆனால் இரண்டும் ஒன்றாக நுழைந்தால் எது எதற்கு என்பதே குழம்பிவிடும். கரையை ஒரு வாரம் பழக்கி, அது உறுதியான பிறகு கறைக்கு வாருங்கள்.

சொல்வதெழுதல் நடத்தும் முறை

நாளுக்குப் பத்துச் சொல், பத்து நிமிடம். ஐந்து முன்பு தவறியவை, மூன்று அதே இனத்தில் புதியவை, இரண்டு நிச்சயம் தெரிந்தவை. கடைசி இரண்டும் பிள்ளை மனம் தளராமல் இருக்க. புதிய சொல்லைப் பார்த்து, துண்டு பிரித்து வாய்விட்டுச் சொல்லி, மூடி வைத்துவிட்டு எழுதி, திறந்து ஒப்பிட வேண்டும். பார்த்து எழுதுவது பயிற்சியே ஆகாது. மறைத்து எழுதும்போதுதான் நினைவு உழைக்கிறது. சொல்லைத் தனியே சொல்லாமல் ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பல்லியா பள்ளியா என்று பிள்ளை எப்படி அறியும்?

திருத்தும்போது முழுச் சொல்லையும் அடிக்காதீர்கள். தவறிய ஒற்றை எழுத்தை மட்டும் வட்டமிட்டு, "இறந்த காலத்தில் சொல்லிப் பார்" என்று வழிகாட்டுங்கள். பிள்ளையே திருத்திய பிறகு, பார்க்காமல் ஒரே ஒரு முறை எழுதினால் போதும். அதே சொல் மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், ஒரு மாதம் கழித்து மீண்டும் வர வேண்டும். 1885-இல் ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்மீதே நடத்திய நினைவுச் சோதனைகளை வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே நழுவுகிறது என்று அவை காட்டின. ஒரே நாளில் பத்து முறை எழுதுவதைவிட நான்கு வெவ்வேறு நாளில் ஒவ்வொரு முறை எழுதுவது மேல்.

பேச்சு எழுத்தில் நுழைந்தால்

இதைத் தவறு என்று சொல்லாதீர்கள். பேச்சுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்று சொல்லுங்கள். மாற்றம் ஒழுங்காகவே நடக்கிறது. படிச்சான் படித்தான் ஆகும், தெரிஞ்சது தெரிந்தது ஆகும், வந்தாங்க வந்தார்கள் ஆகும். எலை, எடம் என்பவை இலை, இடம். ஒலகம், கொடை என்று பேசுவது உலகம், குடை. பேச்சு வாக்கியம் ஒன்றை நீங்கள் சொல்ல, அதை எழுத்துத் தமிழில் பிள்ளை திருப்பிச் சொல்லட்டும். தினம் ஐந்து வாக்கியம், நோட்டே தேவையில்லை.

வல்லினம் மிகும் இடங்களை இத்தனைக்கும் பிறகு எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மாதம் ஒழுங்காகப் பயின்றும், நன்கு பழகிய சொற்களையே பிள்ளை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாக எழுதினால் பயிற்சியைக் கூட்ட வேண்டாம். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். இரண்டிலும் குறையில்லை என்றால் கற்றல் குறைபாட்டை மதிப்பிடும் வல்லுநரைப் பாருங்கள்.