காணியின் பெயரைப் பிடித்துக்கொண்டு பூட்டனைத் தேடுங்கள்

வன்னியில் வெள்ளையர் காலத்து மூதாதையர் ஒருவரைப் பதிவேடுகளில் தேடுவோர், ஆளின் பெயரைவிடக் காணியின் பெயரையும் அதற்கு நீர் பாயும் குளத்தின் பெயரையுமே முதலில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் நம்மிடையே குடும்பப் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது, காணியின் பெயரோ பெரும்பாலும் மாறுவதில்லை. வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய உறுதி (காணி உரிமைப் பத்திரம்) ஒன்றிலுள்ள விவரங்களைக் கொண்டு காணிப் பதிவகத்தில் முன்னைய பதிவுகளின் பிரதிகளைப் பெறலாம்.

உறுதியில் நாற்புற எல்லைகளை எழுதும் பந்தியைப் பலர் வாசிப்பதே இல்லை. ‘வடக்கு: இன்னார் பெண்சாதி இன்னாரின் வயல்’ என்னும் ஒரு வரியில், பங்கு பிரிந்துபோன சகோதரியோ சித்தப்பாவோ அகப்படக்கூடும். வடபகுதித் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையின்படி சீதனமாகக் காணி பெண்வழியே சென்றிருக்கலாம் என்பதால், சீதன உறுதிகளை விட்டுவிடக் கூடாது.

நீதிமன்ற ஏடுகளில், இறந்தவரின் சொத்தை நிருவகிக்கத் தொடுத்த வழக்கும் காணிப் பிரிவினை வழக்கும் உரித்தாளர்களைப் பெயர் பெயராகச் சொல்லும். குற்ற வழக்குகளில் அவ்வளவு கிடைப்பதில்லை. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஏடாயின், கந்தர் என்ற பெயரைக் ‘கே’, ‘சி’ ஆகிய இரண்டு எழுத்துகளிலும் தேடுங்கள். ஒல்லாந்தர் காலத்துக் காணி, குடிப் பதிவேடுகளான தோம்புகளுக்குக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்கே செல்ல வேண்டும்.