வாஷ் கேர் லேபிளில் தொடங்குங்கள்: இங்கிலீஷ் வார்த்தை சேர்க்கும் வழி

1998-இல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடியாக, அதாவது உதவியாளாகச் சேர்ந்தேன். வயது 17. பத்தாவது வரை படிப்பு. நாலு வருடம் கழித்து செக்கிங் டேபிளுக்கு மாற்றினார்கள். ஒருநாள் எங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். என் டேபிளில் இருந்த டி-ஷர்ட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் பன்னிரண்டு பீஸை என் கையில் கொடுத்து, "புட் தீஸ் அசைட்" என்றார். நான் அவற்றை மடித்து, பாலிபேக்கில் போட்டு, கார்ட்டனில் வைத்துவிட்டேன். தனியாக எடுத்து வைக்கச் சொன்ன பீஸ்கள் அவை. எல்லாம் ரிஜெக்ட். எந்தக் கார்ட்டனில் போனது என்று தேடி, அடுக்கியதையெல்லாம் பிரித்து, எட்டுப் பேர் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்தோம்.

அந்த ராத்திரி முழுக்க ஒரே யோசனை. எனக்கு பீஸ், டேபிள், கார்ட்டன், ரிஜெக்ட் எல்லாம் தெரியும். யானைக்கும் மாம்பழத்துக்கும் ஊதா நிறத்துக்கும்கூட இங்கிலீஷ் தெரியும், பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தது. 'புட்' கூடத் தெரியும். அதோடு 'அசைட்' சேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. தமிழ் பேசுகிறவர்களுக்கு இங்கிலீஷில் பொருள்களின் பெயருக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சம் வினைச்சொல்லுக்கும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும் சின்னச் சொற்களுக்கும்தான். இப்போது நான் குவாலிட்டி கன்ட்ரோலில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் லைன் பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வருவார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இங்கே எல்லாவற்றையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன், முதலில் வாய்க்கு வரட்டும் என்று. உங்கள் நோட்டில் மட்டும் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

முதல் நாள்: இருப்பதை எண்ணுங்கள்

புது வார்த்தை எதுவும் வேண்டாம். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை உங்கள் வாயில் வரும் இங்கிலீஷ் சொற்களை எழுதுங்கள். பிரஷ், பேஸ்ட், சோப்பு, கேஸ், குக்கர், டிக்கெட், ஸ்டாப், சில்லறை கேட்டால் சேஞ்ச், போனில் சார்ஜ், ரீசார்ஜ், மிஸ்டு கால். தையல் வேலை என்றால் ஓவர்லாக், பிளாட்லாக், நீடில், லேபிள், ஓபன் சீம், ஸ்கிப் ஸ்டிச். நான் எழுதியபோது மூன்று நாளில் 340 வந்தது. "எனக்கு இங்கிலீஷ் சுத்தமா வராதுங்கக்கா" என்று வரும் பிள்ளைகள் இந்தப் பட்டியலை எழுதி முடித்தபிறகு நிமிர்ந்து உட்காருவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

அடுத்து, அந்தப் பட்டியலில் பொருள் மாறிப்போன சொற்களைப் பிரித்தெடுக்க வேண்டும். இதில் அவசரம் வேண்டாம். நாம் ஒன்று நினைத்துச் சொல்ல, கேட்பவர் வேறொன்று புரிந்துகொள்வது இங்கேதான்.

என் ஊர் அனுப்பர்பாளையம், பாத்திரப் பட்டறை ஊர். அங்கே 'சில்வர்' என்றால் எவர்சில்வர். இங்கிலீஷில் சில்வர் என்றால் வெள்ளி மட்டும்தான். நம்ம சில்வர் டம்ளர் அவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கடையில் நாம் கேட்கும் 'கவர்' அவர்களுக்கு பேக், தபாலுக்கு வாங்கும் கவர் என்வலப். சும்மா கவர் என்றால் மூடி, உறை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 'கரண்ட் போயிடுச்சு' என்பதை பவர் கட் என்று சொல்லுங்கள். 'ஹோட்டல்' என்றால் தங்கும் இடம், சாப்பிட மட்டும் போகிற இடம் ரெஸ்டாரன்ட். 'ஸ்டெப்னி' என்றால் இப்போது வெளியூரில் பலருக்குத் தெரியாது, ஸ்பேர் வீல் என்றால் தெரியும். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி என்றொரு தெரு. மாற்றுச் சக்கரம் செய்த கம்பெனி அந்தத் தெருப் பெயரோடு வந்தது. அங்கே அந்தப் பேச்சு மங்கிவிட்டது, நம்ம ஒர்க்‌ஷாப்பில் இன்னும் ஓடுகிறது.

நம்ம 'பனியன்' இருக்கிறதே, அதுவும் இந்தக் கணக்குதான். உள்ளே போடும் பனியனை இங்கிலாந்துக்காரர் வெஸ்ட் என்பார். அமெரிக்கக்காரரிடம் வெஸ்ட் என்றால் கோட்டுக்குள் போடும் கை இல்லாத மேல்சட்டையை நினைப்பார், அவருக்கு அண்டர்ஷர்ட் என்று சொல்ல வேண்டும்.

லேபிளைத் திருப்பிப் பாருங்கள்

இப்போது நீங்கள் போட்டிருக்கும் டி-ஷர்ட்டின் பக்கத் தையலில் ஒரு வெள்ளை நாடா இருக்கும். அதுதான் வாஷ் கேர் லேபிள். லட்சக்கணக்கில் தைத்து அனுப்புகிறோம், ஒரு நாளும் படித்ததில்லை. என் முதல் பாடப்புத்தகம் அதுதான்.

அதில் சாதாரணமாக வரும் வரிகள்: மெஷின் வாஷ் கோல்டு. டூ நாட் ப்ளீச். டர்ன் இன்சைட் அவுட். வாஷ் டார்க் கலர்ஸ் செபரேட்லி. குழந்தைகளின் இரவு உடையாக இருந்தால், கீப் அவே ஃப்ரம் ஃபயர்.

கடைசி வரியை எடுத்துக்கொள்ளுங்கள். கீப் என்றால் வை. அவே என்றால் தள்ளி. ஃப்ரம் என்றால் இருந்து. ஃபயர் என்றால் நெருப்பு. இப்போது பின்னாலிருந்து முன்னால் படியுங்கள்: நெருப்பில், இருந்து, தள்ளி, வை. நம்ம வாக்கியம் அப்படியே வந்துவிட்டது! இங்கிலீஷில் ஏவல் வாக்கியம் வினையில் தொடங்கும், தமிழில் வினையில் முடியும். இதை இலக்கணமாக எனக்கு யாரோ சொல்லியிருப்பார்கள், மண்டையில் ஏறவில்லை. லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தடவை தலைகீழாகப் படித்ததும் ஏறிவிட்டது.

எழுத்துக்குப் பக்கத்தில் படங்களும் இருக்கும். தொட்டி என்றால் வாஷ், முக்கோணம் என்றால் ப்ளீச், சதுரம் என்றால் டிரை, இஸ்திரிப் பெட்டி என்றால் அயர்ன், வெறும் வட்டம் என்றால் டிரை கிளீன். குறுக்கே கோடு போட்டிருந்தால் டூ நாட். பெட்டிக்குள் ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, இரண்டு புள்ளி நடுத்தரம், மூன்று புள்ளி அதிக சூடு. படத்தைப் பார்த்ததும் நேராக இங்கிலீஷ் வினை வாயில் வர வேண்டும், நடுவில் தமிழ் வேண்டாம். வீட்டிலிருக்கும் பத்துத் துணியின் லேபிளைப் படித்தால் போதும், வாஷ், டிரை, அயர்ன், டர்ன், கீப், யூஸ், ரிமூவ் எல்லாம் கைக்கு வந்துவிடும்.

பதினெட்டு வினைகள்

சார்லஸ் கே ஆக்டன் என்ற இங்கிலாந்துக்காரர் 1930-இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அன்றாடப் பேச்சுக்கு 850 சொல் போதும் என்பது அவர் கணக்கு. அதில் 600 பொருள்களின் பெயர்கள், 150 பண்புகள், மீதி 100 வாக்கியத்தை ஓட்டும் சொற்கள். அந்த நூறில் வினைச்சொல் வெறும் 18. கம், கெட், கிவ், கோ, கீப், லெட், மேக், புட், சீம், டேக், பீ, டூ, ஹேவ், சே, சீ, செண்ட், மே, வில். இதிலுள்ள சீம் நம்ம தையல் சீம் இல்லை. சத்தம் ஒன்று, எழுத்து வேறு, பொருள் 'தோன்று'.

850 மட்டுமே போதும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த 18-ஐ விட்டுவிட்டு 5,000 பெயர்களை மனப்பாடம் செய்வது நூல் கோர்க்காமல் மெஷினை மிதிப்பதுதான்.

இவற்றிலும் கெட், புட், டேக் மூன்றுக்கு மட்டும் ஒரு வாரம் ஒதுக்குங்கள். தமிழில் 'போடு' எத்தனை வேலை செய்கிறது பாருங்கள். சட்டை போடு, சோறு போடு, டீ போடு, கோலம் போடு, கையெழுத்துப் போடு, லைட்டைப் போடு, சண்டை போடு. அந்தப் பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் 'புட்' சொல்லிவிடுகிறோம். புட் தி லைட், புட் டீ, புட் சைன். இங்கிலீஷில் சட்டைக்கு புட் ஆன். டீக்கு மேக், சோற்றுக்கு செர்வ், கோலத்துக்கு டிரா, லைட்டுக்கு டர்ன் ஆன். கையெழுத்துக்கு சைன் என்பதே வினை, சண்டைக்கு ஃபைட்.

'எடு' என்பதும் அப்படித்தான். போட்டோ எடு, லீவு எடு, மூச்சு எடு மூன்றுக்கும் டேக் சரியாக வரும். மார்க் எடுத்தால் கெட். பசி எடுத்தால் எடுப்பதே கிடையாது, ஐ ஆம் ஹங்ரி, அவ்வளவுதான்.

'கெட்' எதிர்ப்பக்கம். அவர்களுடைய ஒரு சொல்லுக்கு நம்மிடம் பத்து வினை இருக்கிறது. கெட் அப், எழுந்திரு. கெட் ரெடி, கிளம்பு. கெட் வெட், நனை. கெட் டயர்டு, களைத்துப் போ. கெட் பேக், திரும்பி வா. வண்டி விஷயத்தில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பஸ், ரயில் மாதிரி உள்ளே எழுந்து நடக்கிற வண்டி, பைக் மாதிரி மேலே உட்காருகிற வண்டி என்றால் கெட் ஆன், இறங்கக் கெட் ஆஃப். கார், ஆட்டோ மாதிரி குனிந்து நுழைகிற வண்டி என்றால் கெட் இன், இறங்கக் கெட் அவுட்.

இனி என்னை ராத்திரி உட்கார வைத்த 'புட்'. புட் டவுன், கீழே வை. புட் பேக், இருந்த இடத்திலேயே வை. புட் அவே, எடுத்து உள்ளே வை. புட் அசைட், தனியாக வை. புட் ஆஃப், தள்ளிப்போடு. கடைசி ஒன்றில் நம்ம 'போடு' அச்சாகப் பொருந்தியிருக்கிறது. இவற்றை எழுதிப் படிக்காதீர்கள், கையில் ஒரு துணியை வைத்துக்கொண்டு சொல்லிச் சொல்லிச் செய்யுங்கள். ஒருவர் சொல்ல மற்றவர் செய்தால் இன்னும் நல்லது. எங்கள் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் ஐந்தையும் பிடித்துவிடுவார்கள்.

அட்டையும் மூன்று பெட்டியும்

துணியில் தொங்கவிடும் ஹேங் டேக் அட்டைகளில் மிஞ்சிப்போனவற்றைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். பின்பக்கம் வெறுமையாக இருக்கும், கைக்கு அடக்கம். பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டினாலும் போதும். ஒரு பக்கம் தமிழ் வாக்கியம், மறு பக்கம் இங்கிலீஷ் வாக்கியம். தனி வார்த்தை எழுத விடமாட்டேன். 'அசைட்' என்று எழுதிய அட்டையால் பிரயோஜனமில்லை, 'இந்த பீஸைத் தனியா வை' என்று எழுதிய அட்டை நாளைக்கே உதவும்.

தமிழ்ப் பக்கம் பார்த்து, வாய்விட்டு இங்கிலீஷில் சொல்லி, பிறகுதான் திருப்ப வேண்டும். மூன்று காலிப் பெட்டிகள் வேண்டும். புது அட்டை முதல் பெட்டியில், தினமும் பார்ப்பது. சரியாகச் சொன்னால் இரண்டாவது பெட்டிக்கு, மூன்று நாளுக்கு ஒரு முறை. அதிலும் சரியென்றால் மூன்றாவதுக்கு, வாரம் ஒரு முறை. எந்தப் பெட்டியில் தவறினாலும் முதல் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன்காரர் பரப்பிய முறை இது, அவர் ஐந்து பெட்டி வைத்தார். ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர்களுக்கு மூன்றே போதும். ஒரு நாளைக்கு ஆறு புது அட்டை, அதற்கு மேல் வேண்டாம். ஓவர்டைம் உள்ள நாளில் புதிது வேண்டாம், பழையதை மட்டும் புரட்டுங்கள்.

ஏன் இங்கிலீஷ் எழுத்தில் எழுத வேண்டும்

தமிழில் 'பேக்' என்று எழுதினால் அது பை, முதுகு, கட்டி அடுக்கு என்று மூன்று வேறு சொல்லாகவும் இருக்கலாம். நம்ம 'ப' ஒன்றே இரண்டு சத்தத்தைச் சுமக்கிறது, 'க்' அப்படியே. பேக்கிங் செக்‌ஷனில் இந்த மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். ஒரு சின்னத் துண்டு டிஷ்யூ பேப்பரை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். அடுக்கச் சொல்லும் பேக்கைச் சொன்னால் காகிதம் ஆட வேண்டும். பையையும் முதுகையும் சொன்னால் ஆடக்கூடாது. பைக்கும் முதுகுக்கும் வித்தியாசம் முடிவில் இருக்கிறது: பைக்கு நடு ஓசையைக் கொஞ்சம் இழுங்கள், முதுகுக்குச் சட்டென்று வெட்டுங்கள்.

எண்ணில் 13-உம் 30-உம், 15-உம் 50-உம் எப்போதும் குழப்பும். 15 என்றால் கடைசியில் 'டீன்' என்று இழுத்து அழுத்துங்கள், 50 என்றால் முதல் அசையை அழுத்தி முடிவைச் சுருக்குங்கள். சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் "ஒன் ஃபைவ், ஆர் ஃபைவ் ஜீரோ?" என்று கேளுங்கள். கார்ட்டன் எண்ணும்போது பழைய சூப்பர்வைசர்கள்கூட இப்படித்தான் கேட்கிறார்கள்.

இதோடு மூன்று கேள்விகளை அட்டையில் எழுதி எப்போதும் பையில் வைத்திருங்கள். பொருளைக் காட்டி, "வாட் டூ யூ கால் திஸ்?" காதில் விழாதபோது, "குட் யூ சே தட் அகெயின்?" புரிந்தது சரிதானா என்று பார்க்க, கையால் செய்துகாட்டிக்கொண்டே, "லைக் திஸ்?" இரண்டாயிரத்து இரண்டில் அந்த அம்மா முன்னால் பன்னிரண்டு பீஸோடு நின்றபோது இந்த மூன்றாவது கேள்வி ஒன்று இருந்திருந்தால் போதும். பீஸைத் தூக்கி டேபிள் ஓரமாக வைத்துக் காட்டி "லைக் திஸ்?" என்று கேட்டிருப்பேன், அவரும் தலையாட்டியிருப்பார்.

இன்று ராத்திரி உங்கள் முதல் ஆறு அட்டைகள்: புட் இட் டவுன், புட் இட் பேக், புட் இட் அசைட், டேக் இட் அவுட், டர்ன் இட் இன்சைட் அவுட், லைக் திஸ்? ஒரு டி-ஷர்ட்டும் வீட்டில் ஒரு ஆளும் போதும்.